எந்த மொழிப் பிரமாதம்?

சித்தூர்,
4 மே 2025

அன்புள்ள ஈவ்லினுக்கு,

உன் நைனா எழுதுவது. இங்கே நான் சுகம், என் தொந்தி என்னைவிடச் சுகம். உன் சுகத்தை விசாரிக்கலாமென்று போன் செய்தால், பதினோரு நாளாக ஒரு பெண் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். உன் அம்மா போனிலிருந்து போட்டால் மணி அடிக்கிறது, நீ எடுக்கிறாய், அம்மாவிடம் பேசுகிறாய். நான் வாங்கி "அம்மாடி" என்றதும் லைன் போய்விடுகிறது. டவர் கோளாறு என்று நானே சொல்லிச் சமாளித்தேன். உன் அம்மா அரிசி களைந்துகொண்டே, "டவருக்கு இன்னா கேடு? உங்களத்தான் பிளாக் பண்ணிக்கினு கீறா" என்றாள்.

நேற்று உன் ரூம் தோழி தாட்சாயணி இங்கே ஒரு கல்யாணத்துக்கு வந்தவள், அச்சகத்துக்கு வந்து உன் துண்டுச் சீட்டைக் கொடுத்தாள். "போனில் நீங்கள் என்னைப் பேச விடமாட்டீர்கள், சிரிக்க வைத்துவிடுவீர்கள். சொல்ல வேண்டியதை எழுதுங்கள்." சரி தாயே. போஸ்ட் ஆபீசுக்குப் போய்க் கவர் கேட்டேன். கவுண்டரிலிருந்த பெண், "பேங்க் நோட்டீஸா சார்?" என்றாள். மகளுக்கு என்றேன். "அமெரிக்காவா?" என்றாள். திருப்பதி என்றதும் மேற்கொண்டு கேட்கவில்லை. பாவம் பார்த்து ஸ்டாம்பை அவளே ஒட்டிக் கொடுத்தாள்.

உன் கோபம் அந்த நோட்டீஸ் மேல்தான் என்று தெரியும். நடந்தது இதுதான். உங்கள் கல்லூரிக்கு ஆள் பிடிக்கும் பி.ஆர்.ஓ. முரளிதரன், இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்காகத் தமிழில் நோட்டீஸ் அடிக்க எங்கள் அச்சகத்துக்கு வந்தான். பிழை திருத்த என் மேசைக்கு வந்தது. நடுவில் 'மாணவர் கருத்து' என்று ஒரு கட்டம், காலியாக. "தமிழ்ப் பொண்ணு யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னா எடுப்பா இருக்கும் சார்" என்றான். என் பெண்ணே அங்கே படிக்கும்போது நான் ஊரெல்லாம் தேடுவேனா? முதல் வருஷம் போனில் நீ சொன்ன சொல் காதிலேயே இருந்தது. எடுத்துப் போட்டேன். உன் போட்டோ, அதற்குக் கீழே என் முஷ்டி அளவு எழுத்தில் "பிரமாதம்!"

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்த நோட்டீஸ் காணிக்கைப் பையைவிட வேகமாகக் கை மாறியது. சபை மடலில் நான் மாதாமாதம் எழுதும் நகைச்சுவைப் பக்கத்துக்கு இருபது வருஷமாகக் கிடைக்காத வாசகர்கள் அந்த ஒரு சொல்லுக்குக் கிடைத்தார்கள். முரளிதரன் கல்லூரிப் பெயர் போட்ட சுவர்க் கடிகாரம் ஒன்றும் கொடுத்தான். ஹாலில் மாட்டியிருக்கிறேன்.

என்னோடு எட்டாவது வரை படித்த குடிபாலா திருவேங்கடம் நேற்று வந்தான். மாந்தோப்புக்காரன், உனக்குத் தெரியும். அவன் மகள் யாமினிக்கும் அங்கேயே சீட் பிடிக்கப் போகிறானாம். "உன் பொண்ணு சொன்னா போதும்டா" என்றான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

போனைத் திறந்துவிடு.

உன் நைனா,
கிருபானந்தம்


திருப்பதி,
11 மே 2025

நைனா,

எனக்குத் தமிழ் எழுத வந்தது ஞாயிறு பள்ளியிலும் உங்களிடமும்தான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தெருமுனை டிரான்ஸ்பார்மரில் மண்டை ஓடு வரைந்து, கீழே தெலுங்கில் 'பிரமாதம்' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கும். தெலுங்கில் அதற்கு ஆபத்து என்று அர்த்தம். எனக்கு ஐந்து வயதில் நீங்கள் ஸ்கூட்டரை நிறுத்திக் காட்டினீர்கள். "பாரும்மா, மண்டை ஓடே பிரமாதம்னு சொல்லி சிரிக்குது." அன்றிலிருந்து நம் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம். அம்மா உப்புமா கிண்டினால் "எந்த மொழிப் பிரமாதம்?" என்று கேட்கிறவர் நீங்கள்.

முதல் வருஷம் எங்கள் போனை எல்லாம் வாங்கி வைத்துவிட்டார்கள். ஞாயிறு மட்டும் வார்டன் துர்காதேவி மேடம் அறையில் நின்று, ஸ்பீக்கரில் பேச வேண்டும். மேடம் ஆற்காட்டுப் பக்கம், எங்களைப் போன்ற தமிழ்ப் பிள்ளைகளுக்காகப் போட்டவர். தெலுங்கு ஒரு வார்த்தை வராது. தனக்குப் புரியாத மொழியில் யாரும் வீட்டுக்குப் பேசக் கூடாது என்பது அவர் சட்டம். "காலேஜ் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டீர்கள். நான்கு நாள் யோசித்து வைத்திருந்த சொல் அது. மேடத்துக்குத் தமிழாகக் கேட்கும், உங்களுக்குத் தெலுங்காகக் கேட்கும். உலகத்திலேயே உங்கள் ஒருவருக்குத்தான் அப்படிக் கேட்கும். "பிரமாதம் நைனா" என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். இப்போது அதை நோட்டீஸில் போட்டிருக்கிறீர்கள்.

கல்லூரி எப்படி என்று இப்போதாவது கேளுங்கள். கம்ப்யூட்டர் லேப் இன்ஸ்பெக்‌ஷன் நாளில் திறக்கும், மறுநாள் பூட்டு. போன வருஷம் ஒரே பாடத்துக்கு நான்கு பேர் வந்து போனார்கள். மூன்றாவது ஆள் இதே கல்லூரியில் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இங்கேயே நின்றுவிட்ட அக்கா. வேலை கிடைத்தவர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது, இங்கே வேலை கிடைத்துவிட்டதே. ஹால் டிக்கெட் வேண்டுமென்றால் இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டு ஆபீசில் காட்ட வேண்டும். நானும் போட்டேன்.

கட்டுகிற பணத்துக்கு இந்தக் கல்லூரி தகுமா என்று ரூமில் எல்லோரிடமும் கறுத்துக் கேட்டேன். தாட்சாயணி, "மிக்சியா இருந்தா அன்னைக்கே கடையில திருப்பிக் குடுத்திருப்பேன்" என்றாள். பவ்யா, "கல்யாணப் பத்திரிகையில பேருக்குப் பின்னாடி போட ரெண்டு எழுத்து வேணும், அதுக்கு இது போதும்" என்றாள். கணக்கு எடுத்த நாகபூஷணம் சார் ஒருவருக்காகத் தகும் என்று நான் சொல்லியிருப்பேன். ஐந்து மாதம் சம்பளம் வராமலும் வந்து பாடம் நடத்தினார். மார்ச்சில் அவரும் போய்விட்டார். நான் போக முடியாது. நடுவில் விட்டால் நான்கு வருஷப் பணத்தையும் கட்டினால்தான் சர்டிபிகேட்டைக் கொடுப்பார்கள்.

யாமினி வரக் கூடாது. குடிபாலாவுக்குப் போய், திருவேங்கடம் மாமா பணம் கட்டுவதற்கு முன்னால் உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் சொல்லைக் கேட்டுத்தான் அவர் அனுப்புகிறார். அது என் சொல்லும் இல்லை.

ஈவ்லின்


சித்தூர்,
23 மே 2025

அன்புள்ள ஈவ்லின்,

முதலில் தொழில் தர்மம். 'கருத்து'க்கு வல்லின று போட்டிருக்கிறாய். நீ எழுதியபடி பார்த்தால் ரூமில் எல்லோரிடமும் நீ கறுத்துப்போய்க் கேட்டிருக்கிறாய். ஹாஸ்டல் வெயிலுக்கு அதுவும் பொருத்தம்தான் என்று விட்டுவிட்டேன்.

டிரான்ஸ்பார்மர் கம்பத்துக் கதை எனக்கு நினைவில்லாமல் இல்லை. ஆனால் அம்மாடி, அன்று நீ பிரமாதம் என்றாய், நான் மகிழ்ந்துபோனேன். தமிழன் காதில் தமிழாகத்தானே விழும்? ஏதாவது இருமியாவது காட்டியிருக்கலாம். சபையில் சைமன் அண்ணன் தூக்கம் வந்துவிட்டதென்று போதகருக்கு இருமித்தான் தெரிவிப்பார், அவரும் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்வார்.

குடிபாலாவுக்குப் போகத்தான் போகிறேன். இப்போது அங்கே மாங்காய் அறுப்பு. மாங்கூழ் ஃபேக்டரிக்கு லோடு ஏற்றுகிற நேரத்தில் போய் நின்றால் திருவேங்கடம் என்னையும் சேர்த்து எடை போட்டுவிடுவான். ஸ்கூட்டருக்கும் பிரேக் சரியில்லை. தவிர, நீயும் கொஞ்சம் பெரிதுபடுத்துகிறாயோ என்று ஒரு எண்ணம். எந்தக் கல்லூரியில் குறை இல்லை? நான் படித்த பள்ளியில் வாத்தியாரே இல்லை. நன்றாகத்தானே இருக்கிறேன்?

இந்தக் கடைசி வாக்கியத்தை உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, பேனா மூடியை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போகிறாள்.

நைனா


திருப்பதி,
1 ஜூன் 2025

நைனா,

பிழையைத் திருத்தினீர்கள். நன்றி.

ஒரு கேள்வி மட்டும். மேடம் அறையிலும் உங்கள் ஹாலில் இருக்கிற கடிகாரம்தான், கல்லூரிப் பெயர் போட்டது. அரை மணிக்குள் ஆறு பேர் பேச வேண்டும் என்பதால், நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவோம். அன்று நான் "பிரமாதம்" என்றதும் நீங்கள் உடனே சிரிக்கவில்லை. ஒன்பது வினாடி ஒன்றும் பேசவில்லை. லைன் போய்விட்டதா என்று மேடம்கூடக் குனிந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் சிரித்தீர்கள்.

உங்களால் ஒன்பது வினாடி சும்மா இருக்க முடியாது நைனா. ஜெபத்தில்கூட முடியாது.

அந்த ஒன்பது வினாடி என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

யாமினி வீட்டுக்குப் போனீர்களா?

ஈவ்லின்


சித்தூர்,
16 ஜூன் 2025

அன்புள்ள ஈவ்லின்,

போனேன். பிரேக் இல்லாமலே போனேன், என் வேகத்துக்கு அது தேவையும்படவில்லை.

திருவேங்கடம் தோப்பு வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தூரத்திலிருந்தே, "வாடா நோட்டீஸு!" என்றான். இப்போது என் பெயர் அதுதான். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, நேரே விஷயத்துக்கு வந்தேன். "திருவேங்கடம், அந்தக் காலேஜு பிரமாதம்னு போட்டிருக்கே, அது தமிழ் இல்லடா. தெலுங்கு" என்றேன்.

ஒரு கணம் விழித்தான். அப்புறம் சிரித்தான் பார், கட்டிலே ஆடியது. "எம்மா யாமினி, இங்க வா. உங்க கிருபா மாமா சொல்றத கேளு" என்று கூப்பிட்டான். அவள் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தாள். பம்பு செட் ஸ்டார்ட்டரைக் கழற்றிப் போட்டிருந்தாள், அந்த வீட்டில் அதைச் சரிசெய்கிறவள் அவள்தான். மறுபடி சொல்லச் சொன்னான். சொன்னேன். அவளும் சிரித்தாள். "மாமா, இத நோட்டீஸ்லயே போட்டிருக்கலாம்" என்றாள்.

"நெஜமாத்தான்டா சொல்றேன்" என்றேன்.

"நீ எப்படா நெஜம் சொன்ன? எங்க நைனா செத்து கெடந்தப்ப பாடைப் பக்கத்துல நின்னுக்கினு ஜோக்கு சொன்னவன்டா நீ" என்றான். அது உண்மை. அன்றைக்கு அவனை அழ விடக் கூடாதென்று சொன்னேன்.

பழம் அறுத்துக்கொண்டு வந்தாள். "துன்னுட்டுப் போடா" என்றான். தின்றேன். சீட்டுக்குப் பணம் கட்டி ஐந்து நாளாகிறதாம். வரும்போது ஒரு பை பழம் கட்டிக் கொடுத்தான். தாட்சாயணி ஊரிலிருந்து இந்த வழியாகத் திரும்பும்போது அவளிடம் பாதி அனுப்புகிறேன்.

நீ சொன்னபடி சொல்லிவிட்டேன். அவன் கேட்கவில்லை. என் மேல் என்ன தப்பு?

ஹாலில் இருந்த கடிகாரத்தை உன் அம்மா கழற்றிவிட்டாள். கேட்டால், ஓடவில்லை என்கிறாள். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

உன் ஒன்பது வினாடிக்கு இந்தக் காகிதத்தில் இடம் போதவில்லை.

நைனா


திருப்பதி,
24 ஆகஸ்ட் 2025

நைனா,

பழம் வந்தது. தாட்சாயணியும் பவ்யாவும் சாப்பிட்டார்கள்.

யாமினி வந்து மூன்று வாரமாகிறது. தமிழ்ப் பெண் என்று எங்கள் ரூமிலேயே போட்டார்கள். பெட்டியில் உங்கள் நோட்டீஸை பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். என் போட்டோவையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "அக்கா, நீங்கதானா?" என்றாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

அவள் எடுத்திருப்பது எலக்ட்ரிகல். மோட்டார் லேப் சாவி யாரிடம் இருக்கிறதென்று ஆபீஸ், அட்டெண்டர், வாட்ச்மேன் என்று பன்னிரண்டு நாள் கேட்டாள். இப்போது கேட்பதில்லை. அந்த ஸ்க்ரூ டிரைவரை ஊரிலிருந்து கொண்டு வந்திருக்கிறாள். ராத்திரி தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்கிறாள்.

போன வாரம் அவள் சாப்பிடாமல் படுத்திருந்தாள். சிரிக்க வைக்கலாமென்று, முதல் வருஷம் நான் போனில் சொன்னதை, எதற்காகச் சொன்னேன் என்பதை எல்லாம் சொன்னேன். எனக்கு உங்கள் புத்திதானே. அவள் சிரிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, "அப்புறம் உங்க நைனா வந்தாரா அக்கா?" என்று கேட்டாள்.

இன்று ஞாயிறு. முதல் வருஷப் பிள்ளைக்கு எங்கள் போனைக் கொடுத்தால் அதையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்பதால், அவளும் மேடம் அறையில்தான் பேச வேண்டும். மேடம் அறை வாசலில் நான் நின்றிருந்தேன். "எப்படிம்மா கீது காலேஜு?" என்று ஸ்பீக்கரில் குரல் வந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பிரமாதம் நைனா" என்றாள்.

மாமா அந்த வினாடியே சிரித்தார். "கிருபா சொன்ன ஜோக்க நீயும் புடிச்சுக்கினியா! போக்கிரி!" என்றார். அவள் "இல்ல நைனா, பிரமாதம்" என்று இன்னொரு தடவை சொன்னாள். அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். நேரம் முடிந்துவிட்டது.

எனக்கு அந்தச் சொல் ஒரு தடவைதான் வீணாயிற்று. அவளுக்கு அதைச் சொல்லும் முன்பே நீங்கள் கெடுத்து வைத்திருந்தீர்கள்.

செப்டம்பர் 5 வரை விலகினால் முதல் வருஷப் பிள்ளைகளுக்கு சர்டிபிகேட்டைத் திருப்பிக் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு என்னைப் போலத்தான். பன்னிரண்டு நாள் இருக்கிறது.

ஒன்பது வினாடிக்குப் பதில் எனக்கு இன்னும் வரவில்லை.

ஈவ்லின்


சித்தூர்,
29 ஆகஸ்ட் 2025

ஈவ்லின்,

இதை நான் திரும்பப் படித்துப் பிழை பார்க்கப்போவதில்லை. பார்த்தால் அனுப்பமாட்டேன்.

அன்று எனக்குப் புரிந்தது. முதல் வினாடியிலேயே. நீ சொன்ன தொனியிலேயே கம்பமும் மண்டை ஓடும் கண் முன்னால் வந்துவிட்டது. மீதி எட்டு வினாடியும் நான் உன்னை நினைக்கவில்லை. என் மகள் இன்ஜினியர் என்று சபை மடலில் முழுப் பக்கம் எழுதியிருந்தேன், அதை நினைத்தேன். கட்டின பணத்தை நினைத்தேன். ஒரே மாதத்தில் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தால் ஞாயிறன்று எல்லோரும் கேட்பார்களே, இத்தனை வருஷம் நான் அவர்களைப் பார்த்துச் சிரித்ததுபோல் அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று நினைத்தேன். அப்புறம் சிரித்தேன். நான் சிரித்தால் நீயே அதைத் தமிழென்று நம்பிவிடுவாய் என்று நினைத்தேன். நோட்டீஸில் அச்சடித்தது, நானும் நம்பிவிட வேண்டும் என்பதற்காக. முப்பது வருஷமாகப் பிழை திருத்துகிறேன். தெரிந்தே விட்ட பிழை அது ஒன்றுதான்.

நேற்று குடிபாலா போனேன். விநாயக சதுர்த்திக்காக பஸ்ஸையெல்லாம் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். ஸ்கூட்டரில் போனேன். திருவேங்கடம் என்னைப் பார்த்ததுமே சிரிக்க ஆரம்பித்தான். "உன் ஜோக்கு திருப்பதி வரைக்கும் போய்ட்ச்சு தெரியுமாடா!" என்றான். நான் சிரிக்கவில்லை. அவன் சிரித்து முடித்தான். அதற்குப் பிறகும் நான் பேசவில்லை.

"இன்னாடா? யாருக்கு இன்னா ஆச்சு?" என்றான்.

"யாமினி ஜோக்கு சொல்லலடா. என் பொண்ணும் ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இதே வார்த்தையத்தான் என்கிட்ட சொன்னா" என்றேன்.

"நீ இன்னா பண்ண?"

"சிரிச்சேன்."

"புரியாமயா?"

"புரிஞ்சுதான்."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுந்து உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். பொத்தான் மாறிப் போட்டிருந்தது. சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. ஸ்கூட்டரில் ஏறச் சொன்னேன். என்னைப் பார்க்காமல் நடந்தே மெயின் ரோட்டுக்குப் போனான். கூடவே கொஞ்ச தூரம் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு லாரியை நிறுத்தி ஏறிக்கொண்டான்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கிலும் ஒரு சிரிப்பு வந்து ஒட்டிக்கொள்கிறது. கிழித்துவிட்டேன்.

நைனா


திருப்பதி,
2 செப்டம்பர் 2025

நைனா,

திருவேங்கடம் மாமா வியாழன் சாயங்காலமே வந்துவிட்டார். பார்க்கிற நேரம் முடிந்துவிட்டது என்று வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. அவர் சண்டை போடவில்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். சட்டைப் பொத்தான் மாறித்தான் இருந்தது. மாடியிலிருந்து யாமினி பார்த்துவிட்டு, செருப்பில்லாமல் ஓடினாள். கம்பிக்கு இரண்டு பக்கமும் நின்று இருவரும் ஒன்றுமே பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டின பணம் வராது. அதை அவர் கேட்கவே இல்லையாம்.

போகும்போது அவள் நோட்டீஸை எடுத்துக்கொண்டு போகவில்லை. கவரோடு என் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். என் போட்டோவில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அது எப்போது எடுத்தது என்று நினைவில்லை.

அவள் கட்டில் காலியாக இருக்கிறது. இன்னும் யாரையும் போடவில்லை. மாமா கேட்டில் நின்றதை நான் மாடியிலிருந்து கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வருஷம் முழுவதும் ஞாயிறு தவறாமல், நீங்கள் வருகிறீர்களா என்று நான் நின்று பார்த்த இடம் அது. உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. பார்த்தேன் என்று எழுதுகிறேன்.

இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. முடித்துவிட்டுத்தான் வருவேன். வேறு வழியில்லை.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். ஞாயிறு கூப்பிடுங்கள். எப்படி இருக்கிறாய் என்று கேளுங்கள். நான் சொல்லி முடித்த பிறகு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருங்கள்.

ஈவ்லின்